அந்தத் தலை யாருடையது?

1954 ஏப்ரல் 21. நியூயார்க் நகரம், ஃபோலி சதுக்கத்தில் உள்ள நீதிமன்றக் கட்டடம். சிறார் குற்றங்களை ஆராய அமெரிக்க செனட் அமைத்த துணைக்குழு காமிக்ஸ் இதழ்களை விசாரித்துக்கொண்டிருக்கிறது. சாட்சி சொல்ல வந்திருப்பவர் இ.சி. காமிக்ஸ் நிறுவனத்தை நடத்திய வில்லியம் கெய்ன்ஸ், வயது 32. செனட்டர் எஸ்டஸ் கெஃபாவர் ஓர் இதழின் அட்டையைக் காட்டுகிறார். ‘க்ரைம் சஸ்பென்ஸ்டோரீஸ்’ 22ஆம் இதழ், ஜானி க்ரெய்க் வரைந்தது. ஓர் ஆண் நிற்கிறான். ஒரு கையில் கோடரி. மறு கையில், முடியைப் பிடித்துத் தூக்கிய ஒரு பெண்ணின் தலை. தரையில் அவள் உடல் கிடக்கிறது.

இது நல்ல ரசனைதானா என்று செனட்டர் கேட்கிறார். திகில் காமிக்ஸ் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்கிறார் கெய்ன்ஸ். அப்படியானால் எது கெட்ட ரசனை? தலையை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்து, வெட்டுப்பட்ட கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால் அது கெட்ட ரசனை. வாயோரம் ரத்தம் வழிகிறதே என்கிறார் செனட்டர். கொஞ்சம்தான் என்கிறார் கெய்ன்ஸ்.

காமிக்ஸ் வரலாற்றை எழுதிய பெரும்பாலோர் இந்த உரையாடலைக் கருத்துச் சுதந்திரத்தின் கதையாகச் சொல்வார்கள். அரசு ஒரு பக்கம், கலைஞன் ஒரு பக்கம். விசாரணைப் பதிவை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று உறுத்தும். ஒரு பெண்ணின் தலையை எவ்வளவு உயரத்தில் பிடிக்கலாம், எத்தனை துளி ரத்தம் காட்டலாம் என்று இரண்டு ஆண்கள் வழக்காடுகிறார்கள். அவள் யார் என்று இருவரும் கேட்கவில்லை. அவளுக்கு அந்த ஆண் என்ன உறவு? அந்த இதழைத் தொடர்ந்து வாசித்த எந்தச் சிறுமியும் உடனே ஊகித்திருப்பாள்: புருஷன். மனைவியைக் கொல்லும் கணவனும் கணவனைக் கொல்லும் மனைவியும் அந்தக் கதைகளின் வாடிக்கையான பாத்திரங்கள்.

கேட்கப்படாத அந்தக் கேள்வி பிறகு என்னவெல்லாம் செய்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பின்தொடர்கிறேன். அமெரிக்காவில் தொடங்கி, பிரான்ஸ் வழியாக, 1956இல் நம் நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டம் வரை.

*

அன்றைய அமெரிக்காவில் மாதந்தோறும் எட்டுக் கோடியிலிருந்து பத்துக் கோடி காமிக்ஸ் பிரதிகள் விற்றன. விலை பத்து செண்ட். அப்பா அம்மாவைக் கேட்காமல், கைச்செலவுக் காசிலேயே ஒரு சிறுவனோ சிறுமியோ வாங்கிவிடக்கூடிய பொருள் அது. ஆசிரியர், நூலகர், பாதிரியார் யாருடைய கையும் நடுவில் இல்லை. பெரியவர்களின் அச்சம் இங்கேதான் தொடங்கியது. 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் ஸ்பென்சர், நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டன் போன்ற ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளே காமிக்ஸ் இதழ்களைக் குவித்துத் தீ வைத்தார்கள். நாஜிகள் புத்தகம் எரித்துப் பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கனடாவில் அதே ஆண்டு டாசன் க்ரீக் என்ற ஊரில் இரண்டு சிறுவர்கள் ஒருவரைச் சுட்டுக் கொன்றபோது, அவர்கள் வாசித்த காமிக்ஸ்மீது பழி விழுந்தது. மறு ஆண்டே அந்த நாடு ‘குற்றக் காமிக்ஸ்’ அச்சிடுவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. அந்தப் பிரிவு 2018வரை கனடாவின் குற்றவியல் சட்டத்தில் இருந்தது.

அமெரிக்காவில் அப்படி நேரடியாகச் சட்டம் போடுவது எளிதாக இல்லை. குற்றக் கதை இதழ்களைத் தடுத்த நியூயார்க் சட்டம் ஒன்றை, அதன் வாசகம் தெளிவற்றது என்று சொல்லி 1948இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்திருந்தது. அதனால் அறிவியலின் பெயரால் யாராவது பேச வேண்டியிருந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம் பேசினார்.

வெர்தமை வில்லனாக வரைவது சுலபம். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்கா வந்தவர். 1946இல் ஹார்லெமில், ஒரு தேவாலயத்தின் நிலவறையில், கறுப்பின மக்களுக்காக 25 செண்ட் கட்டணத்தில் மனநல மருத்துவமனை தொடங்கியவர்களில் ஒருவர். பள்ளிகளில் இனப் பிரிவினை குழந்தைகளின் மனத்தைக் காயப்படுத்துகிறது என்று டெலவேர் வழக்கில் அவர் சொன்ன சாட்சியம், பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டின் தீர்ப்புக்கு வழிவகுத்தவற்றில் ஒன்று. அதே ஆண்டு காமிக்ஸ் குறித்து அவர் வெளியிட்ட நூலில், பெண்களைக் கட்டிப்போடுவதும் அடிப்பதும் கழுத்தை நெரிப்பதும் இன்பம் தரும் காட்சிகளாக வரையப்படுகின்றன என்று எழுதினார். இதைச் சொன்னவர்கள் அப்போது மிகச் சிலர். இந்த இடத்தில் நான் அவர் பக்கம்தான்.

ஆனால் அதே நூலில் வொண்டர் உமனையும் அவர் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். அவளைத் தன்பாலின ஈர்ப்புள்ளவள் என்றார். பெண்பிள்ளைகளுக்குத் தவறான முன்மாதிரி என்றார். அவளும் அவள் தோழிகளும் இல்லறம் நடத்துவதில்லை, குடும்பம் பேணுவதில்லை என்பதும் அவர் சொன்ன குறைகளில் அடக்கம். பெண்ணை அடிக்கும் படமும், அடியை வாங்கிக்கொள்ளாத பெண்ணின் படமும் அவர் தராசில் ஒரே தட்டில் விழுந்தன.

இன்னொன்றும் உண்டு. வெர்தமின் தனிப்பட்ட ஆவணங்கள் 2010இல்தான் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. அவற்றை வாசித்த நூலகவியல் பேராசிரியர் கரோல் டில்லி, சிறார்கள் சொன்னவற்றை வெர்தம் எப்படி வெட்டியும் ஒட்டியும் மாற்றினார் என்பதை 2012இல் எழுதினார். வெர்தமின் நூலில் பள்ளிக்கு மட்டம் போடும் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். கெடுத்தது காமிக்ஸ் என்று வாசிப்பவர் முடிவுகட்டுவார். அவள் வீட்டை விட்டு ஓடிவந்தவள், ஒரு கும்பலோடு சேர்ந்திருந்தவள் என்ற குறிப்புகள் மருத்துவப் பதிவில் இருந்தன, நூலில் இல்லை. வீட்டை விட்டு ஒரு சிறுமி ஏன் ஓடுகிறாள் என்ற கேள்வி எழவே வழியில்லாமல் போனது. அவள் கையில் இருந்த பத்து செண்ட் புத்தகமே விடையாகிவிட்டது.

இந்த இயக்கத்தின் காலாட்படை பெண்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். மகளிர் மன்றங்களும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களும்தான் ஊர் ஊராகக் கடைகளுக்குப் போய் எந்த இதழ் ஆகும், எந்த இதழ் ஆகாது என்று பட்டியல் போட்டன. அவர்களை ஒழுக்கக் காவலர்கள் என்று ஏளனம் செய்து கடந்துபோகிறவர்கள் பெரும்பாலும் ஆண் ரசிகர்கள். தன் மகன் ரசித்து வாசிக்கும் அட்டையில் ஒரு பெண்ணின் கழுத்து நெரிபடுவதைப் பார்த்த தாய்க்குக் கோபம் வந்ததில் என்ன பிழை? அந்தக் கோபத்தை வாங்கிக்கொண்டவர்கள் அதற்கு ஈடாக அவளுக்கு எதைக் கொடுத்தார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.

*

கொடுத்தது காமிக்ஸ் நெறிமுறை. விசாரணை முடிந்த சில மாதங்களில் பதிப்பாளர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, 1954 அக்டோபர் 26 அன்று அதை ஏற்றுக்கொண்டார்கள். சட்டப்படி இது அரசின் தணிக்கை இல்லை. தொழில் தானே போட்டுக்கொண்ட விலங்கு. ஆனால் செனட் விசாரணையும், மாநிலங்களில் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்த சட்டங்களும் இல்லாமல் அது பிறந்திருக்காது. முத்திரை இல்லாத இதழை மொத்த வியாபாரிகள் எடுக்க மறுத்தார்கள். போலீஸ் தேவைப்படவில்லை.

நெறிமுறையை வாசித்தால் முதலில் ரத்தம், கொடூரம், சித்திரவதை பற்றிய விதிகள் வரும். தலைப்பில் ‘திகில்’, ‘பயங்கரம்’ என்ற சொற்கள் கூடாது. இதெல்லாம் எதிர்பார்த்தவை. தொடர்ந்து வாசியுங்கள். காதல் கதைகள் இல்லத்தின் மதிப்பையும் திருமணத்தின் புனிதத்தையும் வலியுறுத்த வேண்டும். விவாகரத்தை வேடிக்கையாகவோ விரும்பத்தக்கதாகவோ காட்டக் கூடாது. பெற்றோர்மீது மரியாதை வளர்க்கப்பட வேண்டும். போலீஸ், நீதிபதி, அரசு அதிகாரிகள்மீது அவமதிப்பு உண்டாகும்படி எதுவும் வரக் கூடாது. பெண்களின் உடலை மிகைப்படுத்தாமல் வரைய வேண்டும். வல்லுறவைக் காட்டவோ குறிப்பாகச் சொல்லவோ கூடாது.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் சிலவற்றை நாமே வரவேற்போம். மொத்தமாக வைத்து, ஒரு கதைக்குள் ஒரு மனைவியை நிறுத்திப் பாருங்கள். அவளை அடிக்கிறார்கள் என்று சொல்ல முடியாது, அது வன்முறை. அவள் விருப்பத்தை மீறி நடந்ததைச் சொல்ல முடியாது, குறிப்பாகக்கூட. விலகிப் போய் நன்றாக வாழ்ந்தாள் என்று முடிக்க முடியாது, அது விவாகரத்தை விரும்பத்தக்கதாக்கும். புகார் கொடுக்கப்போன இடத்தில் போலீஸ் திருப்பி அனுப்பியது என்றும் எழுத முடியாது. வெட்டப்பட்ட தலையை அட்டையிலிருந்து எடுத்தார்கள், சரி. கோடரி இருந்த வீடு அப்படியே இருக்கிறது. கதவு மட்டும் வெளியிலிருந்து பூட்டப்பட்டுவிட்டது.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. துணைக்குழு கெய்ன்ஸிடம் கேட்டவற்றில் ‘அநாதை’ என்ற கதையும் ஒன்று. குடிகார அப்பாவுக்கும் தன்னை விரும்பாத அம்மாவுக்கும் இடையே வளரும் பத்து வயதுச் சிறுமி. அப்பாவைச் சுட்டுவிட்டு, பழி அம்மாமீதும் அவளுடைய காதலன்மீதும் விழும்படி செய்கிறாள். அவர்கள் மின்சார நாற்காலிக்குப் போகிறார்கள். அவள் அன்பான அத்தையோடு நிம்மதியாக வாழப்போகிறாள். கொடூரமான கதைதான். அதில் அம்மாவைக் காட்டியிருக்கும் விதம் பெண் வெறுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீடு ஒரு குழந்தைக்கு நரகமாக இருக்க முடியும் என்பதைப் பத்து செண்டுக்குச் சொன்ன அச்சுப் பொருள் அப்போது வேறென்ன இருந்தது? பெற்றோரைக் கெட்டவர்களாகக் காட்டும் கதைகள் பிள்ளைகளின் மனத்தை என்ன செய்யும் என்று குழு கவலைப்பட்டது. கெட்ட பெற்றோர் பிள்ளைகளை என்ன செய்வார்கள் என்பது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. மனைவியை வல்லுறவு செய்வது அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் எழுபதுகளின் நடுப்பகுதி வரை சட்டப்படி குற்றமே இல்லை; 1993இல்தான் அது எல்லா மாநிலங்களிலும் குற்றமானது. படத்தில் குற்றம், படுக்கையறையில் உரிமை.

நெறிமுறையின் நிர்வாகியாக வந்தவர் சார்லஸ் மர்ஃபி என்ற நீதிபதி. அவருக்குக் கீழே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படங்களைப் பார்த்துத் திருத்தச் சொன்னவர்கள் பெண்கள். தாய்மையின் பார்வை என்ற மதிப்பு அந்த வேலைக்குத் தேவைப்பட்டது. விதிகளை எழுதியது அவர்கள் அல்ல. அந்த விதிகளை மர்ஃபி எதற்கெல்லாம் பயன்படுத்தினார் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இனவெறிக்கு எதிரான ஒரு விண்வெளிக் கதையை இ.சி. மறுபதிப்பு செய்ய முயன்றபோது, கடைசிக் கட்டத்தில் விண்வெளி வீரரின் முகம் கறுப்பின முகமாக இருப்பதை அவர் ஆட்சேபித்தார். கெய்ன்ஸ் மாற்ற மறுத்து அப்படியே வெளியிட்டார். கொஞ்ச காலத்திலேயே காமிக்ஸ் இதழ்களை அவர் நிறுத்திக்கொண்டார்.

சுமார் 650ஆக இருந்த காமிக்ஸ் தலைப்புகள் 1956க்குள் ஏறத்தாழ 250 ஆகின. வேலையிழந்தவர்களில் பெண்களும் உண்டு. உலகப்போர்க் காலத்தில் ஆண் ஓவியர்கள் படைக்குப் போனபோது இந்தத் துறைக்குள் வந்தவர்கள் அவர்கள். நாஜிகளிடமிருந்து தப்பி வியன்னாவிலிருந்து வந்த லிலி ரெனே, பெண் உளவாளியை நாயகியாக வரைந்தவர். போர் முடிந்ததும் அந்த இடம் சுருங்கத் தொடங்கியிருந்தது. அவர்களுக்கு அதிகம் வேலை கொடுத்த நிறுவனம் 1954இல் காமிக்ஸையே கைவிட்டது. இவர்களின் பெயர்களைத் தேடிப் பிடித்து வரலாறாக எழுதிவைத்தவர் ட்ரினா ராபின்ஸ். அவரே ஓவியர், 1970இல் முழுக்கப் பெண்கள் வரைந்த காமிக்ஸ் இதழைக் கொண்டுவந்தவர். அதை அவர் முத்திரை பெறும் இதழாகக் கொண்டுவரவில்லை. முத்திரைக்கு வெளியே, தலைமறைவு காமிக்ஸ் என்று அழைக்கப்பட்ட வழியில்தான் கொண்டுவர முடிந்தது.

*

அமெரிக்காவில் பெரும்பாலும் ஆண்கள் வரைந்ததைத்தான் தடுத்தார்கள், அதனால் பெண்ணியத்துக்கு என்ன நட்டம் என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்காக பிரான்ஸைச் சொல்கிறேன்.

பிரான்ஸில் சிறார் வெளியீடுகள் குறித்த சட்டம் 1949 ஜூலை 16 அன்று வந்தது. சிமோன் த பொவ்வாரின் ‘இரண்டாம் பாலினம்’ நூலின் முதல் பாகம் அந்த ஜூனில் வந்திருந்தது, இரண்டாம் பாகம் நவம்பரில் வரவிருந்தது. சிறார் இதழ்கள் திருட்டு, பொய், சோம்பல், கோழைத்தனம், வெறுப்பு, ஒழுக்கக்கேடு ஆகியவற்றை நல்லதாகக் காட்டக் கூடாது என்றது சட்டம். கண்காணிக்க ஓர் ஆணையம் உருவானது. சட்டத்தின் 14ஆம் பிரிவு இன்னொரு அதிகாரத்தையும் கொடுத்தது: சிறார்க்காக அச்சிடப்படாத இதழையும், அது ஆபாசம் என்று கருதினால், சிறார்க்கு விற்கக் கூடாது என்று உள்துறை அமைச்சர் தடுக்கலாம். ஆணையத்துக்கு அஞ்சி, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பிரெஞ்சு, பெல்ஜிய சிறார் காமிக்ஸில் பெண் பாத்திரங்களையே ஏறக்குறைய தவிர்த்தார்கள். பெண்ணை வரைந்தால் வம்பு, வரையாவிட்டால் வம்பில்லை. ஒரு தலைமுறைச் சிறுமிகள் சிறுவர்களும் நாய்களும் மட்டுமே உலகம் சுற்றும் கதைகளை வாசித்து வளர்ந்தார்கள்.

1976இல் ‘ஆ! நானா’ என்ற காலாண்டிதழ் பாரிஸில் வெளிவந்தது. ‘நானா’ என்றால் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் பெண். சேர்த்துச் சொன்னால் நம் அன்னாசியின் பிரெஞ்சுப் பெயர் காதில் விழும். ஷாந்தால் மொந்தெலியே, நிக்கோல் க்ளாவெலூ, ஃப்ளோரான்ஸ் செஸ்தாக் போன்ற பெண் ஓவியர்கள் வரைந்தார்கள். அமெரிக்காவிலிருந்து ட்ரினா ராபின்ஸும் படம் அனுப்பினார். நாஜிசம், ஃபேஷன், தன்பாலின ஈர்ப்பு என்று ஒவ்வோர் இதழுக்கும் ஒரு பொருள். ஒன்பதாவது இதழ், உறவுக்குள் நடக்கும் பாலியல் மீறல் பற்றியது. குடும்பத்துக்குள் சிறுமிகளுக்கு நடப்பதைப் பெண்கள் தாங்களே வரைந்து அச்சிட்டார்கள்.

1978இல் 14ஆம் பிரிவின்படி ‘ஆ! நானா’வைச் சிறார்க்கு விற்கத் தடை வந்தது. காரணம்: ஆபாசம். விற்பனை தாங்கவில்லை. ஒன்பதாவது இதழே கடைசி இதழ் ஆனது. அதே பதிப்பகத்தின் ‘மெத்தால் உர்லான்’ இதழில் நிர்வாணப் பெண்களுக்குப் பஞ்சமே இல்லை, வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். அது 1987வரை வந்தது.

1978க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. அந்த மே மாதம்தான் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில், வல்லுறவுக்கு ஆளான இரண்டு பெண்களுக்காக வழக்கறிஞர் ஜிசேல் அலிமி வாதாடினார். அந்த வழக்கு எழுப்பிய அலை 1980இல் பிரான்ஸின் வல்லுறவுச் சட்டத்தை மாற்றியது. நீதிமன்றத்தில் பெண்கள் சொன்னது சாட்சியம். கிட்டத்தட்ட அதையே கோட்டிலும் மையிலும் சொன்னபோது ஆபாசம்.

*

இனி நம் நாடு. பிரிட்டன் 1955இல் சிறார்க்குத் தீங்கான வெளியீடுகள் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. குற்றங்கள், வன்முறை அல்லது கொடுமை, அருவருப்பான அல்லது பயங்கரமான நிகழ்ச்சிகள் ஆகியவற்றைப் பெரும்பாலும் படங்களால் சொல்லும் கதைகளே அதன் இலக்கு. அமெரிக்கத் திகில் காமிக்ஸைத் தடுக்கப் போட்டது. மறு ஆண்டு இந்திய நாடாளுமன்றம் இளையோர் (தீங்கான வெளியீடுகள்) சட்டம், 1956 என்பதை இயற்றியது. பிரிட்டனின் அந்த மூன்று வகைகளும் அதில் அப்படியே இருக்கின்றன. இரண்டு விஷயங்களை நாம் கூட்டிக்கொண்டோம். படத்தோடு சொன்னாலும் படமில்லாமல் சொன்னாலும் சட்டம் பொருந்தும். ‘இளையோர்’ என்றால் 20 வயதுக்கு உட்பட்டவர். விற்பவருக்கு ஆறு மாதம்வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

அந்த 20 என்ற எண்ணை அன்றைய மற்ற சட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு, 1955இல், அதே நாடாளுமன்றம் இயற்றிய இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகளின் குறைந்தபட்ச வயது 15. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 375ஆம் பிரிவில், மனைவி 15 வயதுக்குக் குறையாதவளாக இருந்தால் கணவன் செய்வது வல்லுறவு ஆகாது என்ற விதிவிலக்கு. அந்த வயதும் 1949இல்தான் 13இலிருந்து 15 ஆகியிருந்தது.

1956இல் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். அவளை மணமுடித்துக் கொடுக்கலாம். அவள் விருப்பமில்லாமல் கணவன் அவளைத் தொட்டால் சட்டம் தலையிடாது. அவளுக்கு நடப்பதை ஒருவர் கொடுமைக் கதையாக எழுதி, அது இளையோரைக் கெடுக்கக்கூடியது என்று அரசு கருதினால், அதை அவளுக்கு விற்ற கடைக்காரர் சிறைக்குப் போக நேரலாம். இன்னும் ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் அவள் அதை வாசிக்கலாம். அதற்குள் அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்திருக்கும்.

அந்த 15ஐ 18 என்று மாற்றி வாசிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 2017 ஆனது. பதினெட்டைத் தாண்டிய மனைவிக்கு அந்த விதிவிலக்கு 2023இன் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அப்படியே தொடர்கிறது.

நான் சிறுமியாக இருந்தபோது வாசித்த தமிழ் காமிக்ஸ் இதழ்களில் வெளிநாட்டு உளவாளிகளின் கதைகள் வரும். அவற்றில் வரும் பெண்களின் தொடையிலும் தோளிலும் அவசரமாகக் கறுப்பு மை பூசியிருப்பார்கள், நீச்சலுடை கவுனாகிவிடும். யாரும் கேட்காமலே பூசிய மை. அதே கட்டத்தில் அவள் கன்னத்தில் விழும் அறைக்கு மை இல்லை. எது மறைக்க வேண்டியது, எது காட்டத் தக்கது என்ற பாடத்தை அந்த மை எங்களுக்குக் கச்சிதமாகச் சொல்லிக்கொடுத்தது.

*

இந்தத் தராசு மேலிருந்து மட்டும் வருவதில்லை என்பதால்தான் இதையெல்லாம் நமக்குள் பேச வேண்டியிருக்கிறது. விளம்பரங்களிலும் சுவரொட்டிகளிலும் பெண்களை இழிவுபடுத்துவதற்கு எதிராக எண்பதுகளில் இந்தியப் பெண்கள் இயக்கங்கள் தெருவில் இறங்கின. 1986இல் பெண்களை அநாகரிகமாகச் சித்திரித்தலைத் தடுக்கும் சட்டம் வந்தது. அதன் வரையறையில் பெண்ணை இழிவுபடுத்துதல் என்ற சொல்லும் உண்டு. அதற்குப் பக்கத்திலேயே ‘அநாகரிகம்’, ‘பொது ஒழுக்கம்’ என்ற சொற்களும் உட்கார்ந்திருக்கின்றன. நாம் கேட்டது மரியாதை. கிடைத்ததில் பாதி மை.

இன்று நம் பிள்ளைகள் கைபேசியில் பார்ப்பவற்றைக் கண்டு எனக்கும் வயிறு கலங்குகிறது. வன்முறையை இன்பமாக விற்கும் படங்களுக்கு வாதாட நான் வரவில்லை. வயதுக்கேற்ற வரம்பே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சட்டமோ விதியோ வரும்போது, அது எதை அளக்கிறது என்று பார்க்கப் பழகியிருக்க வேண்டும். எவ்வளவு சதை, எவ்வளவு ரத்தம் என்று மட்டும் அளந்தால், அடிப்பவன் ரசித்து வரைந்ததும் அடிபட்டவள் வரைந்ததும் ஒன்றாகவே தெரியும். இரண்டில் எது முதலில் சிக்கும் என்பதற்கு ‘ஆ! நானா’ சாட்சி.

ஷாந்தால் மொந்தெலியே அதோடு ஓயவில்லை. 2007இல் ழான் புஷோல் என்ற இன்னொரு பெண் ஓவியருடன் சேர்ந்து, பெண்கள் வரையும் காமிக்ஸுக்காக ஒரு விருதைத் தொடங்கினார். விருதின் பெயர் ஆர்த்தெமீசியா. பதினேழாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்த்தெமீசியா ஜென்டிலெஸ்கியின் பெயர் அது. 1611இல், பதின்பருவத்தில், இன்னொரு ஓவியனால் வல்லுறவுக்கு ஆளானவர். மறு ஆண்டு நடந்த விசாரணையில், அவர் சொல்வது உண்மைதானா என்று அறிய, அவர் விரல்களைத்தான் கயிற்றால் இறுக்கினார்கள். அதன் பிறகு அவர் வரைந்த ஓவியங்களில் புகழ்பெற்ற ஒன்றில், யூதித் என்ற பெண் ஹோலோஃபெர்னஸ் என்ற படைத்தலைவனின் முடியைப் பிடித்துக்கொண்டு வாளால் அவன் கழுத்தை அறுக்கிறாள். பணிப்பெண் அவனை அழுத்திப் பிடித்திருக்கிறாள். விரிப்பில் ரத்தம் ஓடுகிறது.

1954இன் நெறிமுறை, 1949இன் 14ஆம் பிரிவு, 1956இன் நம் சட்டம் மூன்றையும் ஒவ்வொன்றாக அந்த ஓவியத்தின் முன் வைத்துப் பாருங்கள். முடி, கழுத்து, ரத்தம் மூன்றுக்கும் தெரியும். வாள் யார் கையில் இருக்கிறது, ஏன் இருக்கிறது என்பதைப் பார்க்க அவற்றில் ஒரு சொல்கூட இல்லை.